117 கணினிகள், ஒரு படம்

'டாய் ஸ்டோரி'யை ரெண்டர் செய்யும் வேலையை அன்றைக்கு ஒரே ஒரு கணினியிடம் ஒப்படைத்திருந்தால், அது இன்னும் முடிந்திருக்காது. 77 நிமிடத்துக்கும் மேல் ஓடும் படத்துக்கு 1,14,240 ஃபிரேம்கள். அவற்றுக்கு ஆன மொத்தக் கணினி நேரம் 8 லட்சம் மணி, அதாவது 91 ஆண்டுகளுக்கும் மேல். படமோ 1995 நவம்பரிலேயே அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்துவிட்டது.

பொம்மையை வடித்து, அசைவு கொடுத்து, விளக்குகளை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பதெல்லாம் கலைஞர்களின் வேலை. அந்த விவரங்களைக் கொண்டு எந்தப் புள்ளிக்கு என்ன நிறம், எங்கே நிழல், எங்கே பளபளப்பு என்று கணக்கிட்டு முழுப் படமாக்குவதுதான் ரெண்டரிங். 'டாய் ஸ்டோரி'யில் எளிய ஃபிரேமுக்கே 45 நிமிடம் பிடித்தது. சிக்கலானதற்கு 30 மணி நேரம் வரை ஆனது. திரையில் அது நிற்பதோ ஒரு நொடியில் 24-இல் ஒரு பங்கு!

நல்லவேளையாக, பத்தாவது ஃபிரேம் முடியட்டும் என்று பதினோராவது காத்திருக்க வேண்டியதில்லை. அசைவுகள் முடிவாகிவிட்டால், ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி வேலை. நடவு ஆட்கள் வரிசையாக இறங்கி ஆளுக்கொரு பங்கைப் பிடித்துக்கொள்வதுபோல், கணினிக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்துவிடலாம். இப்படி வேலை செய்யும் கணினிக் கூட்டத்துக்கு 'ரெண்டர் ஃபார்ம்', அதாவது ரெண்டர் பண்ணை, என்று பெயர் வந்தது பொருத்தம்தான்.

தொடக்கத்தில் ஃபார்ம் எதுவும் சொந்தமாக இல்லை. பின்னாளில் 'டாய் ஸ்டோரி'யை எடுத்த பிக்ஸார் நிறுவனமாக மாறிய லூகாஸ்ஃபிலிம் கணினிப் பிரிவு, 1984-இல் 'ஆந்த்ரே அண்ட் வாலி பி' என்ற குறும்படத்தை எடுத்தது. இரண்டு நிமிடம்கூட ஓடாத படம். ஆனாலும் கையிலிருந்த கணினிகள் போதவில்லை. கிரே நிறுவனத்தின் சூப்பர் கணினியிலும், எம்.ஐ.டி.யின் 'அதீனா' திட்டத்துக்குச் சொந்தமான பத்து வாக்ஸ் கணினிகளிலும் இடம்பிடித்து ரெண்டர் செய்தார்கள். அப்படியும் அந்த ஜூலையில் மினியாபொலிஸில் நடந்த சிக்ராஃப் கணினி வரைகலை மாநாட்டுக்குள் வேலை முடியவில்லை. ஒரு பகுதியை வெறும் கம்பிக்கோட்டு வடிவமாகவே திரையிட்டார்கள். கதையில் ஒன்றிப்போன பார்வையாளர்களில் பலர் அதைக் கவனிக்கவே இல்லை என்று அந்தப் பிரிவின் தலைவராக இருந்த எட் கேட்மல் பின்னர் எழுதியிருக்கிறார்.

பதினோரு ஆண்டுகளில் நிலைமை மாறியது. கலிஃபோர்னியாவின் பாயிண்ட் ரிச்மண்டில் பிக்ஸார் 117 சன் கணினிகளை நிறுத்தி, இரவு பகலாக ஓடவிட்டது. சூப்பர் கணினி எதுவும் இல்லை. எல்லாம் மேசைமேல் வைக்கிற வகை. அவற்றில் 87-க்கு இரண்டிரண்டு செயலிகள், 30-க்கு நான்கு. ஆக 294 செயலிகள். இதில் வியப்புக்குரியது வேகம் மட்டுமல்ல, உறுதியும்தான். ஒரு பேரியந்திரம் படுத்தால் வேலை மொத்தமும் நின்றுவிடும். இங்கே ஒன்று படுத்தால் அதன் கையிலிருந்த ஃபிரேம் மட்டும் இன்னொன்றுக்குப் போகும்.

கூட்டு வேலைக்கென்று தொல்லைகளும் உண்டு. எல்லாக் கணினிகளிலும் ஒரே மென்பொருள், ஒரே படக்கோப்புகள் இருந்தாக வேண்டும். ஒன்றில் ஒரு கோப்பு பழையதாக இருந்தாலும், அது தீட்டிய ஃபிரேம் திரையில் பளிச்சென்று துடித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்த பாய்ச்சல் 1997-இல், 'டைட்டானிக்' படத்துக்காக. டிஜிட்டல் டொமைன் நிறுவனம் 160 ஆல்ஃபா கணினிகளை வாங்கி, 105-இல் லினக்ஸைப் போட்டது. மீதி 55-இல் விண்டோஸ் என்.டி. ஹெல்சின்கியில் ஒரு மாணவர் தொடங்கி ஆறே ஆண்டுகள் ஆகியிருந்த லினக்ஸ் என்ற இலவச மென்பொருளை நம்பி, அவ்வளவு பெரிய படத்தின் வேலை ஒப்படைக்கப்பட்டது. சிறந்த விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கர் அந்தப் படத்துக்கே கிடைத்தது.

1984-இல் போல இரவல் கணினிகளில் ரெண்டர் செய்யும் பழக்கமும் போய்விடவில்லை. 2006-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சிறு குழு, பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் 'எலிஃபண்ட்ஸ் ட்ரீம்' குறும்படத்தை எடுத்தபோது, ரெண்டரிங் நடந்தது கடல் கடந்து, அமெரிக்காவின் போவி ஸ்டேட் பல்கலைக்கழகக் கணினிகளில். பதினொரு நிமிடப் படத்துக்கு 125 நாள் ஆயிற்று. படத்தோடு அதன் மூலக் கோப்புகளையும் அந்தக் குழு எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது.