கறிக்கொடியும் கொங்குப் பெருவழியும்

சீன மருத்துவர் 'ஹூஜியாவ்' என வழங்கும் மருந்து நம் மிளகே. கி.பி. 659இல் தாங் அரசு தொகுப்பித்த மருந்துநூலில் அஃது இடம்பெற்றுள்ளது. 'ஹூ' என்னும் அடை, அஃது அயல்நாட்டுப் பொருள் என்பதை உணர்த்தும். வயிற்றுக் குளிரையும் நோவையும் நீக்கும் வெம்மைப் பொருளாக அந்நாட்டார் அதனைப் போற்றினர். சுக்கு, திப்பிலியோடு அதனைச் சேர்த்துத் திரிகடுகம் என வழங்கிய நம் முன்னோரும் அவ்வெம்மையை அறிந்தவரே. அயலார் ஏட்டில் ஏறிய இக்கொடியின் விளைவு, மலையினின்று கீழைக்கடற் றுறை சேர்ந்த நெறி யாது?

சங்கநூல்கள் மிளகைக் 'கறி' என்றும் 'மிரியல்' என்றும் கூறும். குறுந்தொகை 288ஆம் பாடலில் கபிலர் கறி வளரும் மலைச்சாரலைக் காட்டுகின்றார். அகநானூறு 149ஆம் பாடல், பொன்னொடு முசிறிக்கு வந்த யவனர் கலங்கள் கறியொடு மீண்டமை கூறும். இவை மேலைக் கடற்குரியன. பட்டினப்பாலையோ புகார்த்துறையிற் கறிமூடைகள் குவிந்தமையையும், பெரும்பாணாற்றுப்படை சுங்கமுடைய பெருவழியிற் கழுதைச் சாத்து மிளகுப்பொதி சுமந்து சென்றமையையும் தெரிவிக்கின்றன. மேற்குமலைக் கறி புகாருக்கும் காஞ்சிப் பக்கத்துக்கும் நிலவழியே வந்ததாயின், இடைப்பட்ட கொங்குநாட்டைக் கடந்தே வந்திருத்தல் வேண்டும். அவ்வழி இன்ன ஊர் வழி என்று அப்பாடல்கள் கூறவில்லை.

இக்குறையைக் கல்வெட்டுக்கள் ஓரளவு நிரப்புகின்றன. பாலைக்காட்டுக் கணவாய்க்கு அணித்தான சுண்டக்காமுத்தூரில் இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு உளது. சேலம் மாவட்டத்து ஆறகளூர்ப் பகுதியில் மகதேசன் பெருவழிக் கல், காஞ்சிபுரத்துக்குச் செல்லும் வழியைச் சுட்டுகின்றது. இவை சங்ககாலத்துக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டவை; ஆதலின் பழைய வழிக்கு நேர்ச்சான்று ஆகா. எனினும், மேற்குக் கணவாயையும் கிழக்குச் சமவெளியையும் நோக்கிய போக்குவரவு இந்நிலத்தில் ஊன்றியிருந்தமைக்கு இவை சான்றாகும்.

இன்று கொல்லிமலையில் மிளகுக்கொடி மரங்களிற் படர்ந்து வளர்கின்றது. அதனைக் கொண்டே, வல்வில் ஓரியின் காலத்தும் அங்கு மிளகுச் செல்வம் இருந்தது எனத் துணிதல் ஆராய்ச்சிக்கு ஒவ்வாது. இற்றைநாட் பயிர் பண்டைக்குச் சான்றாகாது.

சேலம், நாமக்கல் நிலத்தின் பெருமையை மலைத்தலைவர் வழியாகவே நாடுதல் நம்மிடை வழக்காயிற்று. விளைத்த மலையும் ஏற்றிய துறையும் பாடல்பெற்றன. இடைநின்று பொதி சுமந்தோர் பெயரின்றி மறைந்தனர். பெருவழிக் கற்களையும் சுங்கக் குறிப்புக்களையும் ஊர்தோறும் தொகுத்து நோக்கின் அவர்தம் வரலாறு புலனாகும். இளைய ஆய்வாளர் இப்பணியை மேற்கொள்ளுதல் வேண்டும்.