கதிர்காமம்

ஊவா மாகாணத்தின் மொனராகலை மாவட்டத்தில், மாணிக்க கங்கைக் கரையில் அமைந்த முருகத் தலம். பதுளைத் தோட்ட மக்கள் பண்டாரவளை, வெல்லவாய, புத்தல வழியாக இங்கே வருகின்றனர். கோபுரமும் கருங்கல் மண்டபமும் எதிர்பார்ப்போருக்கு இது எளிய, சிறிய கோயிலாகவே தோன்றும். கருவறையைத் திரை மறைக்கிறது. அடியார் காணச் சிலை இல்லை. ஆடித் திருவிழாவில் யானைமேல் எழுந்தருள்வதும் யந்திரப் பேழையே. ஆகவே இத்தலத்தின் பெருமையைக் கட்டடத்தில் அல்ல, வழிபாட்டு முறையிலேயே தேட வேண்டும்.

பூசகர் சிங்களக் கப்புறாளைமார், அருகே இருப்பது கிரி விகாரை. எனவே இது பௌத்தர் தலமே என்பர் சிலர். அவர்கள் காட்டும் சான்றுகள் மெய்யே, முடிவுதான் அவசரமானது. 15ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் இத்தலத்தைத் திருப்புகழில் பாடியுள்ளார். தெய்வானை கோயில் பக்கத்திலேயே நிற்கிறது. எல்லாவற்றிலும் வலிய சான்று ஊர்வலம்: கப்புறாளைமார் நடத்தும் அந்தத் திருவிழாவில் பேழை போய்ச் சேரும் இடம் வள்ளி கோயில்! அதை அடுத்தே பள்ளிவாசலும் உண்டு. ஒரே சமயத்துக்கு உரிமை எழுதிவைக்க இத்தலம் இடம் தரவில்லை. இங்கு வருவோர் அருகிலுள்ள செல்லக் கதிர்காமத்தையும் கதிரமலையையும் தரிசிக்காமல் திரும்பக் கூடாது.