சக்கரத்தை எங்கே வைக்கிறது?

கட்டட வேலை நடக்குற இடத்துல ஜல்லி, கலவை தள்ளிட்டுப் போற ஒத்தைச் சக்கர வண்டியைப் பார்த்திருப்பீங்க. முன்னாடி சக்கரம், பின்னாடி ரெண்டு பிடி, நடுவுல தொட்டி. இதைப் பத்தி ஒரு பதிவான்னு கேக்காதீங்க மக்களே. சக்கரம் எங்கே இருக்குங்கறதுலதான் மேட்டரே.

பள்ளிக்கூட இயற்பியலைக் கொஞ்சம் தூசி தட்டுங்க. இந்த வண்டி ஒரு நெம்புகோல். சுமை சரியா நடுவுல இருந்தா பாதி எடை சக்கரத்துக்கு, பாதி தள்றவர் கைக்கு. 100 கிலோ ஏத்தினா கிட்டத்தட்ட 50 கிலோ கையில தொங்கும். இது ஐரோப்பிய டிசைன். அங்கே 13ஆம் நூற்றாண்டு வாக்குலதான் புழக்கத்துக்கு வருது. அதுக்கு முன்னாடி ரெண்டு ஆள் முன்னும் பின்னுமா தூக்கிட்டுப் போற, ஸ்ட்ரெச்சர் மாதிரி ஒரு சட்டம் இருந்துச்சு. அதுல முன்னாடி போன ஆளை எடுத்துட்டு சக்கரத்தை மாட்டினா இந்த வண்டி. சுத்தமான ஆட்குறைப்பு :-) பின்னாடி நின்னவருக்கு பாரம் குறையவே இல்லை.

சீனாவுல இதுக்கு ஆயிரம் வருஷம் முன்னாடியே வேற மாதிரி செஞ்சிருக்காங்க. கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கல்லறைச் சிற்பங்கள்லயே ஒத்தைச் சக்கர வண்டி இருக்கு. பிற்காலத்துல அங்கே பரவின வகையில பெரிய சக்கரம் வண்டியோட நடுவுல இருக்கும். சரக்கு அதோட ரெண்டு பக்கமும். மொத்த எடையும் அச்சு மேல இறங்கிடுது, தள்றவர் சாயாம பிடிச்சு, திருப்பினாப் போதும். மாட்டு வண்டி போக முடியாத வரப்புலயும் இது போகும். ஆனா பேலன்ஸ் பண்றது லேசுப்பட்ட காரியம் இல்லை. கலவையை ஒரே தட்டா தட்டிக் கொட்டணும்னா ஐரோப்பிய வண்டிதான் வசதி, அதையும் சொல்லிடணும்.

231ல ஷூ நாட்டு அமைச்சர் ஜூகே லியாங், மலைப்பாதை வழியா படைக்கு தானியம் அனுப்ப 'மர எருது' செஞ்சார்னு பழைய வரலாறு சொல்லுது. ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கான தானியம் ஏத்தலாமாம். அது ஒத்தைச் சக்கர வண்டிதான்னு ஜோசப் நீதாம் உட்பட பலர் நினைச்சாங்க. பிற்பாடு வந்த 'மூன்று ராஜ்ஜியங்கள்' நாவல் இதை மாய எந்திரமாவே ஆக்கிடுச்சு. நாக்கைத் திருப்பினா அப்படியே நின்னுடும். எதிரி காப்பியடிச்சு செஞ்ச வண்டியையும் அப்படித்தான் முடக்குறாங்க. பாஸ்வேர்ட் போட்ட வண்டி!

1794-95ல டச்சு தூதுக்குழுவோட பெய்ஜிங் போன வான் பிராம், பாய்மரம் கட்டின வண்டிகள் வரிசையா போறதைப் பார்த்து அசந்துட்டார். கப்பலுக்கு மாதிரியே பாய், கயிறு, எல்லாம்.

தள்றவருக்கு இதனால சுகம் வந்துச்சான்னா, அதான் இல்லை. கை லேசானதும் வண்டியில இன்னும் ஏத்தினாங்க. 19ஆம் நூற்றாண்டு ஷாங்காய்ல சரக்கோட மனுஷங்களையும் ஏத்தினாங்க, சக்கரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உக்கார வெச்சு. வெளிநாட்டவர் நடத்தின குடியிருப்புப் பகுதி நிர்வாகம் 1897ல இந்த வண்டிகளோட மாதாந்திர லைசென்ஸ் கட்டணத்தை ஏத்துச்சு. தள்ளுறவங்க வண்டியை நிறுத்திட்டு தெருவுல இறங்கினாங்க, ஏப்ரல்ல போலீஸோட கைகலப்பு ஆச்சு. நல்லாத் தேய்ச்சு எடுத்த டிசைன்தான், ஆனா நாள் கூலியில வாழ்றவருக்கு அந்தச் சில காசு பெரிய விஷயம்.

1948 நவம்பர்ல இருந்து 1949 ஜனவரி வரைக்கும் நடந்த ஹுவாய்ஹாய் போர்லயும் இதே வண்டிதான். லாரி பத்தாத கம்யூனிஸ்ட் படைக்கு அரிசி, குண்டு, காயம்பட்டவங்க எல்லாத்தையும் கொண்டு போனது கிராமத்து ஜனங்க. 50 லட்சம் பேருக்கும் மேலன்னு கணக்கு சொல்றாங்க. அந்த வெற்றியை ஜனங்க வண்டியில வெச்சுத் தள்ளிட்டு வந்தாங்கன்னு தளபதி சென் யீ பிற்பாடு சொன்னதா அங்கே ரொம்பப் பிரபலம். உறையுற குளிர்ல, சொந்த வீட்டு வண்டியோட வந்தவங்க அவங்க.