கோலும் கோபுரமும்

நில அளவையர்கள் தங்கள் தொழிலின் பழைய தடங்களைக் களத்தில் பார்க்க விரும்பினால், திருச்சி-சென்னை சாலையை ஒட்டிய வாலிகண்டபுரத்தில் தொடங்கலாம். அங்குள்ள வாலீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. அக்காலக் கோயில் சுவர்தான் ஊரின் நிலப் பதிவேடு. தானமாகக் கொடுத்த நிலத்தின் அளவும் நான்கெல்லையும் அதில்தான் ஏறின.

முதலாம் இராசராசன் ஏறத்தாழ 1001-இல் நாட்டை அளக்கச் செய்தான். பணியை நடத்திய சேனாபதிக்கு 'உலகளந்தான்' என்ற பட்டம் கிடைத்தது. வேலி, மா, காணி, முந்திரி என இறங்கி அதற்கும் கீழான பின்னங்கள் வரை நிலத்தைக் கணக்கிட்டார்கள். 1086-இல் முதலாம் குலோத்துங்கன் மறுபடி அளந்தான். அளவுகோலின் நீளத்தைப் பல கோயில்களின் கல்லிலேயே வெட்டிவைத்தது அருமையான ஏற்பாடு. சந்தேகம் வந்தால் எவரும் போய்ச் சரிபார்க்கலாம் அல்லவா!

பல நூற்றாண்டுகளுக்குப் பின், சென்னையில் 1794-இல் நில அளவைப் பள்ளி பிறந்தது. இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் அது.

1802-இல் பரங்கிமலை அருகே ஆங்கிலேய அளவையர் வில்லியம் லாம்டன் சங்கிலியால் அடிக்கோடு அளந்து, பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லை. தென்னந்தோப்புகள் பார்வையை மறைத்தன. ஆகவே அளவையர்கள் கோயில் கோபுரங்களின் மேல் ஏறினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில், அரை டன் எடையுள்ள தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் மனம் தளரவில்லை. திருச்சியில் சுமார் ஆறு வாரங்கள் அமர்ந்து, கருவியின் நசுங்கிய வட்டத்தைத் தம் கையாலேயே நிமிர்த்தி, அளவையைத் தொடர்ந்தார்.