கல்கத்தாவின் கிழக்கு எல்லை: ஒரு வரைபடத்தின் வரலாறு

கல்கத்தாவில் சில ஆண்டுகளாவது வாழ்ந்த நம்மவர்களுக்கு லேக் மார்க்கெட்டையும் ராஷ்பிஹாரி அவென்யூவையும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முருங்கைக்காய், வாழையிலை, காப்பிப்பொடி, பஞ்சாங்கம் எல்லாம் ஒரே தெருவில் கிடைத்த இடம். ஆனால் அந்த அகலமான சாலைகளும் பக்கத்திலுள்ள டாகுரியா ஏரியும் தாமாக உண்டானவை அல்ல என்பது பலருக்குத் தெரியாது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கல்கத்தா இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட், 1920களில் அந்தச் சதுப்பு நிலத்தைக் கையகப்படுத்தி ஏரியைத் தோண்டியது. தோண்டிய மண்ணைக் கொட்டிச் சுற்றுப்புறத்தை மேடாக்கிச் சாலைகள் போட்டது. இப்போது ரவீந்திர சரோவர் என்று அழைக்கப்படும் ஏரி அதுதான்.

எந்த நிலம் வீட்டுக்கு, எது தொழிலுக்கு, எது வெறுமனே நீர் நிற்பதற்கு என்று வகுப்பதையே நகரத் திட்டமிடுவோர் நிலப் பயன்பாட்டு விதி என்கிறார்கள். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு இதன் நடைமுறை தெரியும். வரைவுத் திட்டம் ஒன்று தயாராகும். பத்திரிகையின் ஒரு மூலையில் அறிவிப்பு வரும். ஆட்சேபணை இருந்தால் இத்தனை நாளுக்குள் எழுதித் தரலாம் என்பார்கள். வரைபடம் ஏதோ ஓர் அலுவலகத்தில் மேஜை மீது விரித்து வைக்கப்பட்டிருக்கும். பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் மனை வியாபாரிகள். அந்த நிலத்தில் வேலை செய்கிறவன் வருவது அபூர்வம். கல்கத்தாவின் கிழக்கு எல்லையில் ஒரே மாதிரியான நிலத்தைப் பற்றி, முப்பது ஆண்டு இடைவெளியில், இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. முதலாவது பொது விவாதம் ஏதுமின்றி நடந்தது. இரண்டாவது ஹைகோர்ட் வரை சென்று அலசப்பட்டது. அந்த வரலாற்றை நமது அங்கத்தினர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் பூகோளம். ஆற்றங்கரை ஊரின் சாக்கடை ஆற்றில்தான் போய்ச் சேரும் என்று நாம் நினைப்போம். கல்கத்தாவில் நேர்மாறு. ஹூக்ளி நதி காலங்காலமாக வண்டலைக் கொட்டித் தன் கரையைத் தானே உயர்த்திக்கொண்டுவிட்டது. ஊரின் சரிவு கிழக்கு நோக்கி, உப்பு ஏரிகளின் பக்கமாக இருக்கிறது. வில்லியம் கிளார்க் என்ற இன்ஜினியர் 1859ல் தொடங்கி 1875ல் முடித்த பாதாளச் சாக்கடைத் திட்டமும் இந்தச் சரிவை நம்பியே அமைந்தது. கழிவு நீர் கிழக்கே ஓடி வித்யாதரி என்ற நதியில் விழுந்தது. நாளடைவில் அந்நதி தூர்ந்துபோய், 1928ல் சர்க்காரே அதை இறந்த நதி என்று அறிவித்துவிட்டது. அதன் பிறகு டாக்டர் பி.என். தே என்ற கார்ப்பரேஷன் இன்ஜினியர், இன்னும் கிழக்கே உள்ள குல்டி நதி வரை நீண்ட கால்வாய்களை வெட்டச் செய்தார். அத்திட்டம் 1943ல் நடைமுறைக்கு வந்தது.

வித்யாதரி இறந்ததால் உப்பு ஏரிகளுக்குக் கடலின் ஓதம் வருவது நின்றது, உப்புத்தன்மை குறைந்தது. உப்பு நீர் மீன் வளர்த்தவர்கள் என்ன செய்வது? அவர்கள் கால்வாயிலிருந்து சாக்கடை நீரைத் தங்கள் குளங்களுக்குத் திருப்பினார்கள். எந்த இலாகாவும் சொல்லிக் கொடுக்கவில்லை. எவ்வளவு நீர் விடுவது, எத்தனை நாள் நிறுத்திவைப்பது, எப்போது மீன் குஞ்சுகளை விடுவது என்பதையெல்லாம் அனுபவத்தில் கண்டறிந்தார்கள். 'பேரி' என்று வங்காளிகள் சொல்லும் இந்த மீன் குளங்கள் நூற்றுக்கணக்கில் பெருகின.

நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவன். பணி நிமித்தம் கல்கத்தாவில் இருந்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தலா பக்கம் போய் இந்தக் குளங்களைப் பார்த்தபோது, முதலில் கவனித்தது நாற்றம் இல்லாமையைத்தான். இதன் ரசாயனம் எளிதானது. குளத்தின் ஆழம் இடுப்பளவுக்குச் சற்று முன்பின் இருக்கும். ஆகவே வெயில் அடிவரை செல்கிறது. பாக்டீரியா கழிவைச் சிதைக்கிறது. அதில் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடையும் நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துக்களையும் கொண்டு பாசி வளர்கிறது. பாசி வெளியிடும் ஆக்சிஜன் மறுபடி பாக்டீரியாவுக்குப் போகிறது. பாசியை மீன் தின்றுவிடுவதால் குளம் பச்சைக் கூழாக மாறுவதில்லை. கரையோரம் ஆகாயத் தாமரையை வளர விடுகிறார்கள்; அது அலையைத் தடுத்து மண்கரையைக் காப்பதோடு உலோகங்களையும் ஓரளவு உறிஞ்சுகிறது. வெளியேறும் நீரில் கோலிஃபார்ம் கிருமிகள் 99 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடுவதாக அளந்திருக்கிறார்கள். நாளொன்றுக்கு 75 கோடி லிட்டர் சாக்கடையை மின்சாரமும் யந்திரமும் கொண்டு இப்படிச் சுத்தம் செய்வதானால் ஒரு மாநகராட்சிக்கு எவ்வளவு செலவாகும் என்று வாசகர்களே யோசித்துக் கொள்ளலாம்.

மீன் நமக்கு ஆகாது, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். இதே நிலத்தின் மேற்கு ஓரத்தில் தாபா இருக்கிறது. ஊரின் குப்பை மக்கி உரமான மண்ணில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே காய்கறி பயிராகிறது. குளிர்காலத்தில் லேக் மார்க்கெட்டில் கூடை கூடையாக வந்து இறங்கிய காலிஃப்ளவரில் பெரும் பங்கு தாபாவுடையது. நம் வீட்டுக் கூட்டும் குருமாவும் அந்த மண்ணுக்குக் கடன்பட்டவைதான்.

இனி முதல் முடிவுக்கு வருகிறேன். தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து லட்சக்கணக்கானோர் வந்து சேர்ந்தார்கள். நடுத்தர வர்க்கத்துக்கு வீடு கிடைக்கவில்லை. முதலமைச்சர் டாக்டர் பி.சி. ராய், வடக்கு உப்பு ஏரியை நிரப்பிப் புதிய நகரம் அமைப்பது என்று தீர்மானித்தார். யுகோஸ்லாவியாவின் இன்வெஸ்ட் இம்போர்ட் நிறுவனம் ஒப்பந்தம் எடுத்தது. ஹூக்ளியின் அடியிலிருந்து வண்டலைத் தூர்வாரி, நீரோடு கலந்து, குழாய்கள் வழியே பம்பு செய்து ஏரியை நிரப்பினார்கள். வேலை 1962 ஏப்ரலில் தொடங்கியது. ஜூலை 1ஆம் தேதி ராய் காலமானார். டோஷ்கோவிச் என்ற யுகோஸ்லாவிய நிபுணர் போட்ட மாஸ்டர் பிளான்படி செக்டர்களும், இரண்டெழுத்துப் பெயர் கொண்ட பிளாக்குகளும், இன்றும் ஆட்டோக்காரர்கள் அடையாளம் சொல்லும் நம்பர் போட்ட தண்ணீர் டாங்குகளும் உருவாயின. அதுதான் சால்ட் லேக், முறைப்படி பிதான்நகர்.

இன்ஜினியரிங் சாதனை என்ற அளவில் அதைக் குறை சொல்ல முடியாது. வீடு தேவைப்பட்டதும் உண்மை. நம்மவர்களிலும் பல குடும்பங்கள் அங்கு நிம்மதியாக வாழ்ந்திருக்கின்றன. ஆனால் அந்த ஏரியில் மீன் வளர்த்துப் பிழைத்தவர்களின் கருத்து திட்டத்தின் எந்தப் பக்கத்திலும் இடம் பெறவில்லை. அவர்களில் பலர் அதே ஊரில் கூலியாட்களாகவும் ரிக்‌ஷாக்காரர்களாகவும் வீட்டு வேலை செய்பவர்களாகவும் ஆனார்கள். விதிகள் மட்டும் வெகு கண்டிப்பாக எழுதப்பட்டன. 999 ஆண்டு குத்தகை, குடியிருப்புக்கு மட்டுமே உபயோகம், விற்கக் கூடாது. நடந்தது என்ன? மனைகள் பவர் ஆஃப் அட்டர்னி மூலம் சத்தமின்றிக் கைமாறின. கடைசியில் 2012ல் கட்டணம் வாங்கிக்கொண்டு மாற்றத்தை அனுமதிப்பதென்று அரசே முடிவு செய்தது. குடியிருப்பு பிளாக்குகளில் அலுவலகமும் விருந்தினர் விடுதியும் வந்தன. காகிதத்தில் மட்டுமே உயிர் வாழ்ந்த விதிகள் அவை.

1980களில் ஈஸ்டர்ன் மெட்ரோபாலிட்டன் பைபாஸ் சாலை வந்ததும் மிச்சமிருந்த ஈர நிலத்தின் மதிப்பு ஏறத் தொடங்கியது. ஊரின் சாக்கடை எங்கே போகிறது, என்னவாகிறது என்று கண்டறியும் வேலை அந்தச் சமயத்தில் மாநில அரசின் இன்ஜினியர் துருவஜோதி கோஷ் என்பவரிடம் வந்தது. அவர் கால்வாயைப் பின்தொடர்ந்து போய் மேற்சொன்ன குளங்களைப் பார்த்தார். அவை பாழ் நிலம் அல்ல, வேலை செய்துகொண்டிருக்கும் நிலையம் என்று விஞ்ஞான முறையில் எழுதிய முதல் அதிகாரி அவர்தான். மீனவர்கள், விவசாயிகள் வாயிலாகவே விவரம் சேகரித்து, எந்த இடத்தில் குளம், எங்கே குப்பைத் தோட்டம், எங்கே நெல் வயல் என்று வரைபடம் தயாரித்தார். 1980களின் நடுவில் மாநிலத் திட்டக் குழுவும் அதை ஏற்றது. 'கழிவு மறுசுழற்சிப் பகுதி' என்று அதற்குப் பெயர். 1990ல் ஐ.நா.வின் 'குளோபல் 500' கௌரவம் அவருக்குக் கிடைத்தது.

1992ல் இந்தப் பகுதியில் 227 ஏக்கரில் உலக வர்த்தக மையம் கட்டும் திட்டம் எழுந்தது. 'பப்ளிக்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட 'பீப்பிள் யுனைட்டட் ஃபார் பெட்டர் லிவிங் இன் கல்கத்தா' என்ற குடிமக்கள் சங்கம் ஹைகோர்ட்டில் ரிட் மனு போட்டது. அரசின் தரப்பு அற்பமானதல்ல. அந்நாட்களில் கல்கத்தாவில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டிருந்தன. படித்த பையன்கள் பம்பாய்க்கும் பெங்களூருக்கும் ரயிலேறினார்கள். இப்படிப்பட்ட ஊருக்கு வரும் முதலீட்டை மீன் குளத்துக்காக விரட்டுவதா என்று கேட்ட நல்லவர்கள் உண்டு. என் அலுவலகத்திலேயே டிபன் நேரத்தில் இதைப்பற்றி இரு கட்சியாகப் பிரிந்து பேசியது நினைவிருக்கிறது. மொத்தப் பரப்பில் 227 ஏக்கர் எம்மாத்திரம் என்பதும் ஒரு வாதம். சால்ட் லேக்கும் இப்படித்தான் ஒரு பகுதியில் தொடங்கியது என்பது எதிர்க்கட்சியின் பதில்.

ஜஸ்டிஸ் உமேஷ் சந்திர பானர்ஜி 1992 செப்டம்பரில் தீர்ப்பளித்தார். இவர் பிற்பாடு சுப்ரீம் கோர்ட் நீதிபதியானவர். வளர்ச்சி வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வளர்ச்சிக்கும் சுற்றுச்சூழலுக்கும் சமநிலை வேண்டும் என்றார். ஆனால் உத்தரவு தெளிவாக இருந்தது. வரைபடத்தில் குறித்த பகுதியில் இனி ஈர நிலத்தை நிரப்பக் கூடாது, விவசாய நிலத்தைக் குடியிருப்புக்கோ வியாபாரத்துக்கோ மாற்ற அனுமதி தரக் கூடாது. இதில் கவனிக்க வேண்டியது, எல்லையை நிர்ணயிக்கக் கோர்ட்டுக்குப் பயன்பட்ட வரைபடம் அரசின் சொந்தத் திட்டக் குழுவினுடையது. அரசின் காகிதமே அரசுக்கு எதிர்ச் சாட்சியாயிற்று. எங்கோ ஃபைலில் உறங்கியிருக்க வேண்டிய ஒரு ஷீட்! இலாகாவில் நெடுநாள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நேர்மையாகத் தயாரித்த ஒரு ஃபைல் என்றைக்கு யாருக்குக் கைகொடுக்கும் என்று கணிக்கவே முடியாது.

சால்ட் லேக் விதிகளை விட இந்தக் கோடு அதிகம் தாக்குப் பிடித்ததற்குக் காரணம் கோர்ட்டின் அதிகாரம் மட்டுமல்ல என்று நான் நினைக்கிறேன். சால்ட் லேக்கின் மாஸ்டர் பிளான் என்ன வர வேண்டும் என்பதைக் காட்டியது. கோஷின் வரைபடம் என்ன இருக்கிறது என்பதைக் காட்டியது. ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு ஜீவனக்காரர் இருந்தார். விதி மீறப்பட்டால் அவர் வயிற்றில் அடி விழும். ஆகவே அவர் சத்தம் போடுவார். மார்வாரிப் பேட்டையான பாரா பஜாரை இடித்து நேர் சாலை போடுவதற்கு முன், மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று முதலில் பாருங்கள் என 1919 அறிக்கையில் வற்புறுத்திய பாட்ரிக் கெட்டஸும் உயிரியல் படித்தவர்தான் என்பது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

2002 ஆகஸ்டில் கிழக்குக் கொல்கத்தா ஈர நிலம் 12,500 ஹெக்டேர் பரப்புடன் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. (அதற்கு முந்தைய ஆண்டுதான் ஊரின் பெயர் ஆங்கிலத்திலும் கொல்கத்தா ஆயிற்று.) இதில் நீர்நிலை 5,852 ஹெக்டேர், விவசாய நிலம் 4,718, குப்பைத் தோட்டம் 602, மீதி 1,326 வீடு வாசல். 2006ல் தனிச் சட்டமும் மேலாண்மை ஆணையமும் வந்தன. 37 மௌஜாக்கள், அதாவது வருவாய்க் கிராமங்கள், அட்டவணையில் சேர்க்கப்பட்டன.

அதனால் எல்லாம் சுபம் என்று நினைத்துவிட வேண்டாம். இரவோடு இரவாக லாரியில் மண் வருகிறது. குளத்தின் ஒரு மூலை மேடாகிறது. அடுத்த மழைக்குள் அங்கே ஒரு கோடவுன். போலீஸ் புகார்கள் பதிவாகின்றன. இடிக்கும் உத்தரவுகள் நிறைவேறாமல் நிற்கின்றன. கால்வாய் தூர்வதால் சில குளங்களுக்குக் கழிவு நீர் போதிய அளவு வருவதில்லை. மீன் குறைந்தால் குத்தகைக்காரர் மனை வியாபாரியின் பேச்சைக் கேட்கத் தொடங்குகிறார். இன்னொரு பக்கம், சட்டத்துக்கு உட்பட்டு வாழும் கிராமவாசி தன் மகன் கல்யாணத்துக்கு ஓர் அறை சேர்த்துக் கட்ட வேண்டுமானாலும் அனுமதிக்கு அலைய வேண்டியிருக்கிறது. மீறுகிறவனுக்கு இல்லாத கஷ்டம் இவருக்கு. கோடு போட்டவர்கள் இதற்கும் வழி சொல்லியிருக்க வேண்டும். துருவஜோதி கோஷ் 2018 பிப்ரவரியில் காலமாகும் வரை, மீனவர்களும் விவசாயிகளும் இல்லாமல் அந்த நிலத்தைக் காப்பாற்ற முடியாது என்று எழுதிக்கொண்டே இருந்தார்.

சென்னையில் இருக்கும் நம் அங்கத்தினர்களுக்கு இது தூர தேசத்துக் கதையாகத் தோன்றாது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் பெரும் பகுதி குப்பை மேட்டுக்கும் சாலைக்கும் கம்பெனிக் கட்டடங்களுக்கும் போன பிறகே, 2007ல் ஒரு பகுதி காப்புக் காடு என்று அறிவிக்கப்பட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அதைச் சுற்றியுள்ள வேளச்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் தண்ணீர் எங்கே நின்றது என்று அங்கு குடியிருந்தவர்களைக் கேட்க வேண்டும். 2022ல் பள்ளிக்கரணையும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதன் எல்லைக் கோடு எந்த சர்வே எண்ணோடு முடிகிறது, அதற்கு அப்பால் எத்தனை தூரம் கட்டடம் கூடாது என்ற விவாதம் அங்கேயும் கோர்ட்டுக்கும் டிரிப்யூனலுக்கும் போயிருக்கிறது.