கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் எலி: ஆபத்து பாம்புக்குத்தான்

சில ஆண்டுகளுக்கு முன் ரொறன்ரோவில் பெரியம்மாவின் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு போல் பைதன் சுருண்டு கிடந்தது. மேற்கு, மத்திய ஆபிரிக்காவைச் சேர்ந்த, நஞ்சற்ற சிறிய மலைப்பாம்பு அது. அதன் முதுகில் விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு.

"எலி கடிச்சது. உள்ளுக்கை விட்டிட்டு வேலைக்குப் போயிட்டன்" என்றார் அண்ணா.

எலியைப் பாம்பு தின்னும் என்பது தெரியும். பாம்பை எலி கடிக்கும் என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

ஏன் கடிக்கிறது?

காட்டில் எலிக்குத் தப்பியோட இடமுண்டு, பெட்டிக்குள் இல்லை. தோலுரிக்கும் காலத்திலும், வெப்பம் போதாதபோதும் பாம்பு இரையைத் தொடாது. போல் பைதன் மாதக்கணக்கிலும் உண்ணாதிருக்கும். எலியோ சில மணித்தியாலங்களிலேயே பசியெடுத்துக் கொறிக்கத் தொடங்கும். கொறிக்கக் கிடைப்பது பாம்பின் உடல்தான். பாம்பு கண்ணை இழக்கலாம். காயத்தில் தொற்று ஏற்பட்டு இறக்கவும் கூடும். எலிக்கும் அது நீண்ட வதை.

உறையவைத்த எலியே நல்லது

செல்லப்பிராணிக் கடைகளில் உறையவைத்த எலிகள் கிடைக்கின்றன. பாம்பின் உடலில் மிகப் பருத்த பகுதியின் தடிப்பை விடப் பெரிய எலி வேண்டாம். முதல்நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட வேண்டும். பின்னர் பிளாஸ்ரிக் பையிலிட்டு வெந்நீரில் சூடாக்கலாம். மைக்ரோவேவ் கூடாது: ஓரிடம் வெந்து, மற்ற இடம் உறைந்தே இருக்கும், எலி வெடிக்கவும் கூடும்.

போல் பைதனின் உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணர்பவை. குளிர்ந்த இரையை அது பெரும்பாலும் மறுக்கும். நீண்ட இடுக்கியால் எலியைப் பிடித்து மெல்ல அசைத்துக் காட்ட வேண்டும். விரலால் பிடித்தால் விரலே கடிபடும். உண்டபின் 48 மணித்தியாலங்களுக்குப் பாம்பைத் தூக்கினால் இரையைக் கக்கிவிடலாம்.

உயிருள்ளதுதான் என்றால்

செத்த இரையைத் தொடவே மறுக்கும் பாம்புகளும் உண்டு. அப்போது:

- ஒரு நேரத்தில் ஓர் எலி மட்டும்; அதுவும் சிறியதாக, வயிறு நிறைந்ததாக.
- பாம்பின் கண்கள் பால்போல் மங்கியிருந்தால் தோலுரிக்கப் போகிறது, அன்று வேண்டாம்.
- இடுக்கியுடன் அருகிலேயே நில்லுங்கள். 15, 20 நிமிடங்களில் பிடிக்காவிட்டால் எலியை வெளியே எடுங்கள்.
- எலியை ஒருபோதும் இரவு முழுவதும் உள்ளே விடாதீர்கள்.
- வீட்டில் பிடித்த எலி கூடாது. எலிநஞ்சும் ஒட்டுண்ணிகளும் அதன் வழியே பாம்புக்குச் செல்லும்.
- கடிபட்டால் காயம் சிறிதெனினும் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

வீட்டிலுள்ளோருக்கு

உறையவைப்பதால் சல்மொனெல்லா பற்றீரியா சாவதில்லை. எலியை உருக்கத் தனிப் பாத்திரம் வைத்திருங்கள். சமையலறைத் தொட்டியில் அதைக் கழுவாதீர்கள். சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பாம்பையோ எலியையோ தொடவிடாதீர்கள்.

இதை வாசித்துவிட்டு ஊரில் ஒரு வெங்கணாந்தியைப் பிடித்து வளர்க்க எவரும் எண்ண வேண்டாம்; இலங்கையில் அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிரினம்.

அண்ணாவின் பாம்பு உறையவைத்த எலிக்குப் பழக இரண்டு மாதம் பிடித்தது. அதன்பின் அவர் உயிருள்ள எலி வாங்கவில்லை.