பரப்புக் காணியும் பெர்மிட் காணியும்: கிளிநொச்சிக் குடியேற்றத்தில் குடும்பத்தின் இடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் காணியைப் பரப்பில் அளப்பார்கள். 16 பரப்பு சேர்ந்தால் ஓர் ஏக்கர். நாலு பரப்புத் தோட்டம், ஒன்றரைப் பரப்பு வளவு, கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு, கிணற்றுக்குப் போய்வர வழிவாய்க்கால் உரிமை என்று பழைய உறுதிகள் நுணுக்கமாகப் பேசும். ஆனையிறவைத் தாண்டித் தெற்கே போன யாழ்ப்பாணத்துக் கமக்காரனை முதலில் திகைக்க வைத்தது காடோ யானையோ அல்ல, அளவுதான். குடியேற்றத் திட்டங்களின் தொடக்ககாலப் பொது அளவு ஒரு குடும்பத்துக்கு வயல் 5 ஏக்கர், மேட்டுநிலம் 3 ஏக்கர். ஊரில் ஒரு குறிச்சியே பங்குபோட்டுத் தின்னும் நிலம் அது.

குடாநாட்டுக் காணி இப்படித் துண்டுபட்டதற்குச் சனத்தொகை மட்டும் காரணமல்ல. தேசவழமைக்கும் அதில் பங்குண்டு. 1706இல் ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் ஊர்வழக்குகளைக் கேட்டுத் தொகுத்து, பன்னிரண்டு முதலிமார் பார்த்துச் சரியென்று ஒப்பிய வழமை அது. பிரித்தானியர் 1806இல் அதைச் சட்டமாக ஏற்றுக்கொண்டனர். பெண்ணுக்குச் சீதனம், ஆணுக்கு முதுசொம், இருவரும் வாழ்ந்து சேர்த்தது தேடியதேட்டம் என்பது அதன் எலும்புக்கூடு. நாலு பெண்களுக்குச் சீதன உறுதி முடித்த வீட்டில் கடைக்குட்டி ஆண்பிள்ளைக்கு மிஞ்சுவது பெரும்பாலும் வேலிக்கரைதான். அவன் இங்கிலீசு படித்திருந்தால் மலாயா றெயில்வே, சிங்கப்பூர், கொழும்புக் கந்தோர் என்று வழிகள் இருந்தன. படிக்காதவனுக்கு இருந்தது வன்னி. மலாயாவுக்குப் போனவர்களைப் பற்றி நாம் எழுதிய பக்கங்களில் கால்வாசிகூட வன்னிக்குப் போனவர்களைப் பற்றி எழுதவில்லை. பென்சன் காசோடு திரும்பி வந்தவனுக்கு இருந்த மவுசு, நெல்மூட்டையோடு வந்தவனுக்கு இருக்கவில்லை.

இந்த வன்னியோ மனிதர் காணாத இடமுமல்ல. இரணைமடுப் பக்கத்து மண்படிவுகளில் கிடைத்த கற்கருவிகள் இலங்கையின் மிகப் பழைய மனிதத் தடங்களுள் வைத்து எண்ணப்படுகின்றன. இடிந்த குளங்களும் சிவாலயச் சிதைவுகளும் உருத்திரபுரம் பக்கத்தில் காட்டுக்குள் கிடந்தன. கண்டாவளை, பூநகரி போன்ற பழங்குடிக் கிராமங்கள் அப்போதும் உயிரோடிருந்தன. 1895இல் வன்னி மாவட்டங்களுக்கென்று ஒரு கைந்நூல் எழுதிய ஜே. பி. லூயிஸ் காட்டுவதும் மெலிந்துபோன சனங்களைக் கொண்ட ஒரு நாட்டையே. சனமே இல்லாத நாட்டையல்ல. குடியேற்றத்தை 'காட்டை நாடாக்கிய கதை' என்று மட்டும் சிறப்பு மலர்களில் எழுதும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்தப் பழைய வன்னியாரைக் கணக்கில் எடுக்காமல் அப்படி எழுதுவது நேர்மையாகாது.

கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் வேலை 1902இல் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இழுபட்டது. இடையில் 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமையடைந்தது. கிளிநொச்சி நீர்ப்பாசன வேலைத்தளத்தில் அந்நாட்களில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்த ஒருவரைப் பிற்காலத்தில் யாழ்ப்பாணமே தேடிப்போய்க் கும்பிட்டது. கொழும்புத்துறை யோகர் சுவாமிதான் அவர். மண்வெட்டிக்கும் கூடைக்கும் கணக்கெழுதிய அந்த ஆண்டுகள் அவர் வரலாற்றில் ஓரிரு வரிகளோடு கடந்துபோகின்றன.

குளம் நிரம்பியும் ஆட்கள் போதவில்லை. 1927இல் அமைந்த காணி ஆணைக்குழுவின் சிந்தனையிலிருந்து 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பிறந்தது. விவசாய, காணி அமைச்சர் டி. எஸ். சேனநாயக்காவின் கைவேலை அது. வடமத்தியில் மின்னேரியா எப்படியோ, வடக்கில் கிளிநொச்சி அப்படி. யாழ்ப்பாணத்தின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கவென்று 1936இல் அங்கே குடியேற்றம் தொடங்கியது.

ஆட்களைத் தெரிந்தெடுக்கக் காணிக் கச்சேரி கூடியது. மேசைக்கு அந்தப் பக்கம் உத்தியோகத்தர்; பக்கத்தில், வந்தவன் சொல்வது மெய்யோ பொய்யோ என்று தலையாட்ட விதானையார். சொந்தக் காணி உண்டா, கமஞ்செய்யத் தெரியுமா, கலியாணம் முடித்தாயிற்றா, பிள்ளைகள் எத்தனை? காணியில்லாதவனும் குடும்பக்காரனுமே விரும்பப்பட்டனர். தனிக்கட்டை காட்டில் நிலைக்க மாட்டான் என்று சட்டம் செய்தவர்கள் நினைத்தார்கள். அந்த நினைப்பு சரியானதே. பெண்சாதியும் பிள்ளைகளும் விண்ணப்பத்துக்குப் பலம் சேர்த்தார்கள். பெர்மிட் எனப்பட்ட காணி அனுமதிப்பத்திரத்தில் விழுந்ததோ ஆணின் பெயர் ஒன்றுதான்.

முதலாண்டில் குடும்பம் வருவதில்லை. ஊரவர் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கொட்டில் போட்டு, ஒரே பானையில் சமைத்து, கோடையில் காடு வெட்டினார்கள். பாலையும் முதிரையும் வீரையும் கோடாலிக்கு இலேசில் விழுகிற மரங்களல்ல. வெட்டியது காய்ந்ததும் தீ வைப்பார்கள். எரிந்தது போக மிஞ்சிய குற்றிகளைக் கிளப்புவதில்தான் முதுகு முறியும். பல வயல்களில் இரண்டு மூன்று போகம்வரை குற்றிகளுக்கிடையிலேயே விதைப்பு நடந்தது. ஐப்பசி மழைக்குமுன் வரம்பு கட்டியாக வேண்டும். பயிர் தலையெடுத்தால் பரண். இரவிரவாகத் தகரம் தட்டல், தீவட்டி, கூக்குரல். பன்றி ஒரு பக்கம், யானை மறுபக்கம். குடாநாட்டில் துலா மிதித்துப் பட்டையால் இறைத்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்த்தவனுக்கு, வாய்க்காலில் தானாக ஓடிவரும் தண்ணீர் முதலில் ஓர் ஊதாரித்தனமாகவே பட்டிருக்கும். சில ஆண்டுகளில் வாய்க்கால் கடைக்கோடிக்காரன் தலைமடைக்காரனோடு சண்டைக்குப் போகவும் கற்றுக்கொண்டான்.

எல்லாவற்றையும் விடக் கொடியது காய்ச்சல். வன்னிக்குப் போனவன் வயிறு வீங்கித்தான் வருவான் என்பது அன்றைய யாழ்ப்பாணப் பேச்சு. மலேரியாவால் மண்ணீரல் பெருத்த உடம்பைத்தான் அப்படிச் சொன்னார்கள். எத்தனையோ பேர் பெர்மிட்டை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார்கள். 1940களின் நடுவில் டி.டி.ரி. தெளிப்பு வந்தபிறகே நிலைமை மாறியது. 1946இல் இலங்கை முழுவதும் இருபது இலட்சத்தைத் தாண்டியிருந்த நோயாளர் எண்ணிக்கை 1963இல் வெறும் 17 ஆனது. அந்தப் பதினேழில் மயங்கித் தெளிப்பைத் தளர்த்தியதும், அந்தத் தசாப்தம் முடியுமுன் நோய் மறுபடி பாய்ந்ததும் தனிக்கதை. கிளிநொச்சியில் பெண்களும் குழந்தைகளும் துணிந்து வந்து குடியிருந்தது டி.டி.ரி.க்குப் பிறகுதான் என்பது என் கணிப்பு. குளத்தைக் கட்டிய பொறியியலாளர்களைப் போற்றும் நாம், வீடுவீடாகச் சுவருக்கு மருந்தடித்தவர்களை மறந்துவிட்டோம்.

வந்த பெண் முதலில் கேட்டது கிணறு. பரந்தன் பக்கத்தில் தோண்டிய இடமெல்லாம் உவர் ஊறியது. நல்லதண்ணீருக்குக் குடத்தோடு நடந்தார்கள். அடுத்தது மேட்டுநிலம். அரசாங்கம் வயலைப் பற்றி யோசித்த அளவுக்கு அந்த மூன்று ஏக்கரைப் பற்றி யோசிக்கவில்லை. அது அவளுடைய ஆட்சியாயிற்று: முருங்கை, கறிவேப்பிலை, வாழை, மா, கோழி, ஒரு கறவைமாடு. வெள்ளாமை பொய்த்த ஆண்டில் அடுப்பெரிய வைத்தது அதுவே. ஊரிலிருந்து பனங்கொட்டை கொண்டுவந்து வேலிக்கரையில் ஊன்றியவர்களும் உண்டு. வடலி பனையாகிக் காய்க்கப் பதினைந்து இருபது ஆண்டு செல்லும். திரும்பிப் போகும் எண்ணமுள்ளவர் பனை நடமாட்டார். பாம்புக்குப் பயந்த இந்தச் சனங்கள் புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைத்தார்கள். கண்டி வீதிப் பயணிகள் அனைவரையும் நிறுத்தித் தேங்காய் வாங்கிக்கொள்ளும் முறிகண்டிப் பிள்ளையார் இவர்களுக்கும் பிள்ளையாரானார். ஊர்களுக்குப் பெயர் சூட்டுமுன் வாய்க்கால் இலக்கமே முகவரி; எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்ற வழக்கு உருத்திரபுரத்தில் இன்னும் அழியவில்லை. இவ்வாழ்வைப் பின்னாளில் தாமரைச்செல்வி 'பச்சை வயல் கனவு' நாவலாக்கினார். கிளிநொச்சி மண்ணிலிருந்தே எழுதியவர் என்பதால் சேறும் நெல்மணமும் அவருக்குக் கேள்விச்செய்தி அல்ல.

இனிச் சட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 1862இல் வந்த குடிநிலச் சட்டம் ஒருவருக்கு 160 ஏக்கர் கொடுத்தது. ஐந்து ஆண்டு குடியிருந்து பயிர் செய்து காட்டினால் நிலம் முழுச் சொந்தம். விற்கலாம், ஈடு வைக்கலாம். விதவைகளும் மணமாகாத பெண்களும்கூடத் தம் பெயரில் விண்ணப்பித்தார்கள். இலங்கைச் சட்டம் வேறு அச்சத்திலிருந்து பிறந்தது. ஏழைக் கமக்காரன் கையில் நிலத்தைக் கொடுத்தால் கடன்காரன் வாங்கிவிடுவான், பிள்ளைகள் துண்டாடிவிடுவார்கள் என்பது அந்த அச்சம். ஆகவே பெர்மிட் காணியை விற்க முடியாது, விரும்பியபடி பிரிக்க முடியாது, பின்னுரித்தாளராக ஒருவரே பெயர் குறிக்கப்படலாம். யாழ்ப்பாணத்தின் சீதனப் பங்கீட்டைப் பார்த்தவர் எவரும் அந்த அச்சம் வீண் என்று சொல்லமாட்டார். ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெண்களுடையது. பெயர் குறிக்காமல் கணவன் இறந்தால் மனைவிக்கு ஆயுட்கால உரித்து மட்டும். அவளுக்குப் பின் யார் என்பதைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை சொல்லிற்று. அங்கே மகன்கள் முதலில், மகள்கள் பிறகு. தேசவழமையும் பெண்ணுக்கு முழுச் சுதந்திரம் கொடுத்த சட்டமல்லத்தான். தன் சீதனக் காணியை விற்க அவளுக்குப் புருசனின் சம்மதம் வேண்டும். இருந்தாலும் உறுதியில் அவள் பெயர் இருந்தது. ஆனையிறவுக்கு அந்தப் பக்கம் அவள் நட்ட மாமரம்கூட வேறொருவர் பெர்மிட்டில் நின்றது.

மக்கள் இதற்குக் கண்ட வழி யாழ்ப்பாணத்துக்கே உரியது. வன்னி நெல்லை விற்று ஊரில் காணி வாங்கி மகளுக்குச் சீதனம் எழுதினார்கள். குடாநாட்டுக் கல்வீடுகள் சிலவற்றின் அத்திவாரத்தில் இரணைமடுத் தண்ணீர் இருக்கிறது. அதற்கு வசதியில்லாதவர்கள் மேட்டுநிலத்தில் கயிறு பிடித்து, எழுத்தில்லாமல், 'இது மூத்தவளுக்கு, இது சின்னவளுக்கு' என்று காட்டிக்கொடுத்தார்கள். ஒரே பெர்மிட்டுக்குள் மூன்று வீடு, மூன்று அடுப்பு. அண்ணன் தம்பி ஒற்றுமையாக இருக்கும்வரை பிழையில்லை.

குடியேறிகள் எல்லாரும் ஒரே தரத்தவரும் அல்லர். அதே சட்டத்தின்கீழ் மத்தியதர வகுப்பாருக்கும் காணி கொடுபட்டது. அவர்களில் பலர் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருந்துகொண்டு, அறுவடைக்கு மட்டும் வந்து சாக்கு எண்ணிப் போனார்கள். சேற்றில் நின்றது வேறு ஆட்கள். 1958, 1977 கலவரங்களால் விரட்டுண்டு வடக்கே வந்த மலையகக் குடும்பங்கள் இந்த வயல்களில் கூலிக்கு இறங்கின. தேயிலைத் தோட்டத்தில் லயன் அறை. இங்கே வாய்க்கால் ஓரக் கொட்டில். காட்டை வெட்டிப் பெயர் வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று காணியுள்ளவர்கள். அதே காட்டை அவர்களுக்குப் பின் வெட்டியவர்களின் பிள்ளைகளிற் பலர் இன்றும் காணிக்கு அலைகிறார்கள். சிறப்பு மலர்களில் இவர்களுக்கும் ஒரு பக்கம் வேண்டும்.

1970களின் முற்பாதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது மிளகாயும் வெங்காயமும் பொன்னாயின. விசுவமடுவில் படித்த வாலிபர் திட்டத்துக் காணிகளில் செத்தல் மிளகாய் காய்ந்த காலம் அது. 1977இல் சந்தை திறந்ததும் அந்தப் பொற்காலம் முடிந்தது. 1984இல் கிளிநொச்சி யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. பிறகு போர். 1995இல் வலிகாமம் பெயர்ந்தபோது குடாநாட்டுச் சனம் பெருந்தொகையாக இந்தப் பக்கம் வந்தது. முன்பு 'வன்னியான்' என்று முகஞ்சுழித்தவர்களும் அந்தக் கொட்டில்களிலேயே படுத்தெழும்பினார்கள். அடுத்த ஆண்டே கிளிநொச்சியும் ஓடவேண்டி வந்தது. 2009க்குப் பின் திரும்பியவர்கள் எல்லைக்கல்லைத் தேடி மறுபடியும் பற்றை வெட்டினார்கள்.

இந்தக் குடியேறிகள் எப்போது யாழ்ப்பாணத்தவர் அல்லாதவர் ஆனார்கள் என்று கேட்டால், அதற்கு ஓர் ஆண்டைக் காட்டலாம். 2013 அளவில், இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டம் சூடு பிடித்தபோது, அதை எதிர்த்து எழுந்தவர்கள் கிளிநொச்சி விவசாயிகள். அவர்களில் பலரின் பாட்டன் பூட்டன் ஊர் அந்தக் குடாநாடுதான். சிறுபோகத்துக்கே தண்ணீரைப் பங்கு வைத்துச் செய்கிறோம், இதில் ஊருக்கு எங்கே கொடுப்பது என்பது அவர்கள் வாதம். வரட்சியாண்டில் குளத்தின் அடியைக் கண்டவர்கள் அதைத் தன்னலம் என்று சொல்லத் தயங்குவார்கள். பிறகு குடாநாட்டின் தாகம் தீர்க்கத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை வந்தது.

பெர்மிட்டில் பெயரில்லாத பெண்களின் கேள்வி போருக்குப் பின் வேறு முகத்தோடு வந்தது. பெயர் உள்ளவர் காணாமற் போயிருந்தார். மரணப் பத்திரம் எடுக்க மனம் ஒப்பவில்லை. எடுக்காமல் உரித்து மாறவில்லை. வீட்டுத்திட்டத்துக்குப் பெயர் கொடுக்கப் போன இடத்திலும் காணிப் பத்திரத்தையே கேட்டார்கள். 2010இல் தற்காலிக மரணப் பதிவுச் சட்டமும் 2016இல் காணாமற்போனமைச் சான்றிதழும் வந்தன. மூன்றாம் அட்டவணையின் 'மகன் முதலில்' என்ற வரிசை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கியது. இப்போது ஆணோ பெண்ணோ, மூத்த பிள்ளைக்கே முன்னுரிமை. 1936இல் காணிக் கச்சேரியில் 'பிள்ளைகள் எத்தனை' என்று எண்ணப்பட்ட மகள்களுக்கு அது உதவாது. அவர்கள் வீட்டுக் காணி தம்பிமார் பெயருக்கு மாறி, அந்தத் தம்பிமாரின் பிள்ளைகளுக்கும் இறங்கி எவ்வளவோ காலமாயிற்று.